பாப்பாவுக்கு, பார்த்து முடித்தாயிற்று

அன்புள்ள பாப்பா,

நீ சொன்ன 'செவரன்ஸ்' தொடர் இரண்டு சீசனும், 19 எபிசோடும் பார்த்தாயிற்று. அப்பா முதல் எபிசோடிலேயே குறட்டை. அறிவியல் கதை என்றாயே, ராக்கெட் இல்லை, வேற்றுக்கிரகத்து ஆள் இல்லை, நாலு பேர் டப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எண்களைத் தேடித் தேடித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், இதற்கா இவ்வளவு சொன்னாள் என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். "மூணு எபிசோடு பொறுத்துக்கோம்மா" என்றாய், பொறுத்துக்கொண்டேன். அப்புறம் விட முடியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அந்தக் கதாநாயகன் மார்க் காரில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் ஆபீசுக்குள் போகிறான். லிஃப்டில் இறங்கியதும் மண்டைக்குள் இருக்கிற சிப் வீட்டு நினைப்பையெல்லாம் துடைத்துவிடுகிறது. பாக்கெட்டில் கசங்கிய டிஷ்யூ இருக்கிறது, அழுதது தான்தான் என்று அவனுக்கே தெரியாது, குப்பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு உனக்கு போன் போட்டேன். "மீட்டிங்மா" என்றாய். ராத்திரி பத்து மணிக்கு என்ன மீட்டிங்? உன் மேனேஜர் உன்னைப் பாராட்டினதை மாப்பிள்ளைதான் சொன்னார், நீ சொல்லவில்லை. தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனாலும் பத்து மணிக்கு என்ன மீட்டிங்?

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால் இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்த காலத்தில், லைட்னிங் கால், அதாவது ரொம்ப அவசரக் கால் என்றாலே பெரும்பாலும் யார் வீட்டிலோ துக்கம். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உங்களுக்கு தோசை வார்ப்பேன். சிப் இல்லாமலேயே அந்தப் பழக்கம் வந்துவிடும். ஆனால் எதுவும் எங்கேயும் போய்விடுவதில்லை பாப்பா, தோசை தீயும்போது தெரியும்.

அந்த ஆபீஸ் கட்டடம் உங்கள் நியூ ஜெர்சியில், ஹோம்டெல்லில் இருக்கிறதாமே! டெலிபோன் ஆராய்ச்சி நடந்த பெல் லேப்ஸ் கட்டடம், சாரினென் என்கிற கட்டடக் கலைஞர் வரைந்தது, 1962இல் திறந்தது. டெலிபோன்காரர்களுக்கு பெல் லேப்ஸ் என்றால் கோயில் மாதிரி. இப்போது கடை கண்ணியெல்லாம் வைத்து யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமாம். எடிசனிலிருந்து காரில் போகிற தூரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவா போகவில்லை? இரண்டு பேருமாகப் போய்விட்டு வாருங்கள்.

தொடரையும் இரண்டு பேருமாகத்தான் பார்த்தீர்களா? இரண்டாவது சீசன் ஏழாவது எபிசோடை நீ தனியாகப் பார்த்திருக்கக் கூடாது. மார்க்கும் அவன் மனைவி ஜெம்மாவும் டாக்டரிடம் நடையாய் நடப்பது, அப்புறம் அவன் அந்தத் தொட்டிலைப் பிரித்துப் போடுவது. அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார், தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இதைப் பார்க்கச் சொன்னது எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. பச்சைப் புடவை பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கவில்லை. பெரியம்மா கேட்டாள், பேச்சை மாற்றிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் காபியில் ஓட்டாதே.

மூன்றாவது சீசன் வரும்போது நான் அங்கே இருந்தால் சேர்ந்தே பார்க்கலாம். என் விசா இன்னும் செல்லும், அப்பா சமாளித்துக்கொள்வேன் என்கிறார். நீ சரி என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும், டிக்கெட் போட்டுவிடுவேன். மாப்பிள்ளையையும் கேட்டுச் சொல்.

அம்மா