மகமைக்கு முன்னால் பாக்கியைக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகத்தில் அறம், மனித மாண்பு என்ற தலைப்புகளில் வர்த்தகப் பிரமுகர்கள் பேசும் கூட்டங்களின் செய்திகளைத் தங்கள் நாளிதழின் டெல்டா மாவட்டப் பக்கங்களில் தொடர்ந்து படித்து வருகிறேன். பூம்புகார் வணிகர்களின் நேர்மையைப் பற்றி ஒருவர் பேசுகிறார், அடுத்தவர் தம் நிறுவனம் வழங்கிய தையல் இயந்திரங்களையும் மிதிவண்டிகளையும் பட்டியலிடுகிறார், கூட்டம் முடிந்துவிடுகிறது. பூம்புகாரின் தராசுகளைக் கடல் கொண்டுவிட்டதால் அவற்றை இனி யாரும் சரிபார்க்க முடியாது என்பது பேச்சாளர்களுக்கு ஒரு வசதி. கும்பகோணத்தில் கடைக் கணக்கு எழுதியே காலம் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் கூட்டங்களில் பேசப்படாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கடன்பட்ட விவசாயி, கூலிக்கு நெய்பவர், கடையில் நாள் முழுவதும் நிற்கும் பெண் என்று, 'மாட்டேன்' என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவர்களிடம் ஒரு வணிகர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய அறத்தை அளக்க வேண்டும். நன்கொடைப் பக்கத்தைப் பார்த்து அதை அறிய முடியாது.

நன்கொடையையும் அறத்தையும் ஒன்றாகக் கருதும் பழக்கத்துக்குச் சட்டமும் ஓரளவு காரணம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம்தான். வழக்கமான தொழில் நடவடிக்கைகளையும் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதன் விதிகள் விலக்கி வைத்திருப்பதும் சரியே. உரிய கூலியைக் கொடுப்பது கொடையாகாது. ஆனால் லாபத்தில் 2 பங்கு எங்கே போயிற்று என்று வண்ணப் படங்களோடு விளக்கும் நிறுவனத்திடம், மீதி 98 பங்கு எப்படி வந்தது என்று கேட்பார் இல்லை. நம் பகுதியின் அரிசி ஆலை, உரக்கடை, பாத்திரக்கடை, பட்டு ஜவுளிக்கடை ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் வருவதும் இல்லை. அவர்களுக்கு இருந்தது மகமை வழக்கம். விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கோ பள்ளிக்கோ ஒதுக்கிக் கணக்கில் தனிப் பக்கம் எழுதுவார்கள். நான் பார்த்த சில கடைகளில் மகமைப் பக்கம் ஒரு நாளும் விடுபட்டதில்லை. சரக்குக் கொடுத்தவருக்குத் தர வேண்டிய பாக்கிதான் தீபாவளிக்குத் தீபாவளி அப்படியே நிற்கும்.

உரக்கடை விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு என்பது இங்குள்ள எல்லா விவசாயிக்கும் தெரியும். சம்பாப் பயிருக்கு மேலுரம் இட வேண்டிய நாட்களில் தட்டுப்பாடு வந்தால், மூட்டை அதே விலைக்குத்தான் கிடைக்கும். ஆனால் கூடவே நுண்ணூட்டக் கலவையையோ திரவ உரப் புட்டியையோ வாங்கினால்தான் கிடைக்கும். இணைப் பொருளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசு பலமுறை அறிவுறுத்தியும் இது நிற்கவில்லை. எடையில் குறைவில்லை, விலையில் ஒரு காசு கூடுதலில்லை, பில்லும் உண்டு. ஆகவே காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர், தமக்குத் தேவைப்படாத புட்டிக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். கடைக்காரரைக் கேட்டால் அவரும் காரணமில்லாமல் பேசுவதில்லை. யூரியா லோடு வேண்டுமென்றால் இன்ன சரக்கில் இத்தனை பெட்டி எடுத்தாக வேண்டும் என்று மொத்த விற்பனையாளர் சொல்கிறார் என்பார்; அவரோ கம்பெனியைக் கைகாட்டுவார். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்புடைமை அறிக்கை வெளியிட வேண்டும் என்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதித்திருக்கிறது. நுகர்வோரைப் பொறுப்போடு நடத்துவதும் அந்த அறிக்கையில் ஓர் அங்கம். மும்பையிலோ டெல்லியிலோ எழுதப்படும் அந்த அறிக்கைக்கும் வலங்கைமானில் ஒரு கடை வாசலில் நடப்பதற்கும் இடையே, ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம்மேல் விழுந்த நெருக்கடியைக் கீழே இருப்பவர் மேல் தள்ளிவிடுகிறார். கடைசியில் நிற்பவருக்குத் தள்ளிவிட ஆள் இல்லை.

நெல் வியாபாரத்திலும் இதுதான் நடக்கிறது. அரசு கொள்முதல் நிலையங்களின் குறைகளைத் தங்கள் நாளிதழ் நிறையவே எழுதிவிட்டதால், தனியார் பக்கத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். 2025-26 கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையோடு சேர்த்துச் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் என்று விலை அறிவிக்கப்பட்டது. மழை மேகம் திரண்டிருக்கும்போது களத்துக்கு வரும் வியாபாரியிடம் அந்த விலையைப் பேச முடிவதில்லை. விதைக்கும் உரத்துக்கும் அறுவடை இயந்திரத்தின் வாடகைக்கும் முன்கூட்டியே அவரிடமே கைநீட்டியிருந்தால் விலையைப் பற்றிப் பேச்சே எழாது. ஈரத்துக்கு, தூசிக்கு, சாக்குக்கு என்று எடையில் கழிப்பதை விவசாயி பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். மின்னணுத் தராசை ஆண்டுக்கொரு முறை சரிபார்த்து முத்திரை பெற வேண்டும் என்பது எடையளவுச் சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் பொறுப்பு. முத்திரை எங்கே என்று கேட்கும் உரிமை விவசாயிக்கும் உண்டு. ஆனால் கடன்பட்டவர் தராசை உற்றுப் பார்ப்பதே நம் ஊரில் மரியாதைக் குறைவாகிவிடுகிறது. ஒரு நாட்டைப் பின்தங்கிய நிலையில் வைத்திருப்பதில் வருமானக் குறைவைவிட இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பாக்கி விஷயத்தில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆலைக்குக் கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்த வட்டியைக் கேளாமலே பெற்ற ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், பொருளையோ சேவையையோ பெற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி என்கிறது. அப்படித் தராமல் வைத்திருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாதபடி, 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியிலும் திருத்தம் செய்தது. ஆனால் நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்காரரோ சுவாமிமலையில் சிலை வார்ப்பவரோ பெரிய கடைமீது புகார் கொடுத்தால், அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். பெயரைக் காக்கும் அந்தக் குறியீட்டுக்கு, சேலை விற்ற பணம் தறியில் இருப்பவருக்கு எப்போது போய்ச் சேருகிறது என்று கேட்கும் அதிகாரம் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர் கடை முதலாளிதான்.

கடைப் பணியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜவுளிக்கடை, நகைக்கடை உள்ளிட்ட கடைகளில் பணியாற்றுவோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. ஒரு நாற்காலிக்குச் சட்டசபை வரை போக வேண்டியிருந்தது என்பதில் வணிகர்கள் சற்று வெட்கப்பட்டிருக்கலாம். இப்போது பல கடைகளில் முக்காலி இருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் மேலாளர் பார்வையில் உட்காரத் துணிகிற பெண்கள்தான் குறைவு. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் மோட்டார் கொட்டகையில் தங்க வைக்கப்படுவதையும் நாம் இயல்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இவற்றைப் பேசும்போதெல்லாம் வரும் பதில் ஒன்று உண்டு: "நாம் வளரும் நாடு, எல்லாவற்றையும் சட்டப்படி செய்தால் கட்டுப்படியாகாது." இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாடகையும் வட்டியும் ஏறியிருக்கின்றன. ஆன்லைன் வியாபாரம் கடைத்தெருவை அரிக்கிறது. மாமூல் கேட்கும் கைகளும் நீண்டுகொண்டே இருக்கின்றன. லஞ்சம் கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கிய, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. தனிக் கடைக்காரர் அதை நம்பிக் காவல் நிலையப் படி ஏறுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். ஆனாலும் 'கட்டுப்படியாகாது' என்ற சொல்லைக் கும்பகோணத்தில் இருந்துகொண்டு கேட்க எனக்குப் பொறுப்பதில்லை. 2004 ஜூலை 16 அன்று இவ்வூரில் ஒரு தனியார் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். ஓலைக் கூரை, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்த வகுப்புகள். ஒவ்வொன்றும் யாரோ மிச்சப்படுத்திய செலவு. மேலும், செலவே இல்லாத அறமும் நிறைய இருக்கிறது. கொடுக்க வேண்டிய தொகையை உரிய நாளில் கொடுக்கக் கூடுதலாக ஒரு ரூபாயும் வேண்டாம். பிறர் பணத்தை நம் முதலாகச் சுழற்றும் வழக்கத்தை விட்டால் போதும்.

எனவே நம் பகுதி வர்த்தகர் சங்கங்களுக்குத் தங்கள் வாயிலாகச் சில வேண்டுகோள்கள். உறுப்பினர் கடைகளில் தராசு முத்திரையின் காலாவதி நாளை வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்கச் செய்யுங்கள். அறுவடைக் காலத்தில் ஒன்றியத்துக்கு ஓரிடத்திலாவது சங்கப் பொறுப்பில் ஒரு பொது எடைமேடையை நடத்துங்கள். விற்பவர் தம் நெல்லை முதலில் அங்கே எடைபோட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு பேரத்துக்கு வரட்டும். இணைச் சரக்கைத் திணிக்கும் கம்பெனியை எதிர்த்துத் தனிக் கடைக்காரர் பேச முடியாது. மாவட்டத்து உரக்கடைகள் ஒன்றுசேர்ந்து மறுத்தால் கம்பெனி யோசிக்கும். ஆண்டு விழாவில் நன்கொடை விவரம் படிக்கும்போது, 45 நாட்களைக் கடந்த பாக்கி எதுவும் தம்மிடம் இல்லை என்று உறுதி தரும் உறுப்பினர்களின் பெயர்களையும் படியுங்கள். முதல் ஆண்டில் அந்தப் பட்டியல் சிறியதாகவே இருக்கும், பரவாயில்லை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம். நகரங்களின் தங்கம் விலையை நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். சம்பா, தாளடி அறுவடை நடக்கும் வாரங்களில், மன்னார்குடி, பாபநாசம், சீர்காழி, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளில் தனியார் நெல்லுக்குக் கொடுத்த விலையையும், எடையில் கழித்த அளவையும், பணம் கைக்கு வர ஆன நாட்களையும் அதே பக்கத்தில் வெளியிட்டால், களத்தில் நிற்பவர் பேரம் பேசுவதற்கு அது உதவும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கடைக் கணக்கர்,
கும்பகோணம்.