பழைய எண்ணெய்க்குக் கணக்கு எங்கே?

ஐயா,

சமைத்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்க, இந்தியன் ஆயிலின் பானிபட் ஆலைக்கு 2025 ஆகஸ்டில் சர்வதேசச் சான்று கிடைத்தது. நான் விருதுநகரில் எண்ணெய் புரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். என் கடை எண்ணெயும் ஒருநாள் பறக்கும் என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் பெருமை பேசினேன். "அப்போ பிளேன்ல புகையே வராதா அண்ணாச்சி?" என்றார். பதில் தெரியாததால் தேடிப் படித்தேன்.

வரும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளை ஒரு கிலோ எரித்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு கிளம்புகிறது. நம் எண்ணெயில் செய்ததை எரித்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். கரித்துகள் மட்டும் நிஜமாகவே குறைகிறது. பாதிக்குப் பாதி கலந்து பறந்த நாசா சோதனையில் 50 முதல் 70 சதவீதம் வரை குறைந்தது. மற்றபடி லாபமெல்லாம் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்கில், மூலப்பொருளில் தொடங்கி எரிப்பது வரை எல்லாம் சேர்த்து, ஒரு மெகாஜூல் ஆற்றலுக்குச் சாதாரண விமான எரிபொருள் 89 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம், பழைய சமையல் எண்ணெயில் செய்தது சுமார் 14 கிராம். புதுப் பாமாயில் என்றால் 77 கிராம். அதுவும் பாமாயில் ஆலைக் கழிவுக் குட்டையில் கிளம்பும் மீத்தேன் வாயுவைப் பிடித்தால்தான். விட்டுவிட்டால் 99, அதாவது பெட்ரோலிய எரிபொருளைவிட மோசம்.

ஆக, 'பழைய' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு யார் ஜாமீன்?

என் கடைக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை மொபெட்டில் ஒருவர் வந்து, கருத்துப்போன எண்ணெயை இரண்டு டின் எடுத்துப்போவார். கையில் காசு, ரசீது கிடையாது. போன மாதம் புதிதாக ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார். நான் கொடுத்தது இரண்டு டின், தாளில் இருந்தது ஆறு. "சும்மா கணக்குக்குத்தான் அண்ணாச்சி" என்றார். மிச்சம் நான்கு டின்னில் என்ன ஊற்றுவார்கள்? இறக்குமதிப் பாமாயிலுக்கு இந்த நாட்டில் பஞ்சமா என்ன!

உணவுப் பாதுகாப்புத் துறையைக் குறை சொல்வதற்கில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெடுபொருளான போலார் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018-லேயே சொல்லிவிட்டார்கள். தினம் 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்தும் கடைகள் பதிவேடு வைக்க வேண்டும், அனுமதி பெற்றவர்களிடம்தான் எண்ணெயைக் கொடுக்க வேண்டும். என் கடை அந்த அளவுக்குக் கீழே. அதனால் பதிவேடு கேட்டு யாரும் வந்ததில்லை. என்னைப் போன்ற கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

சர்வதேச விமானங்களில் 2027-ல் 1 சதவீதம், 2030-ல் 5 சதவீதம் இந்த எரிபொருளைக் கலக்க மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. தேவை ஏறினால் பழைய எண்ணெயின் விலை ஏறும். தாளில் டின்களும் ஏறும். அதற்குமுன் சின்னக் கடைகளுக்கும் எடை போட்டு ரசீது தரும் ஏற்பாடு வேண்டும். அனுமதி பெற்ற சேகரிப்பாளர்கள் யார் யார் என்று நகராட்சி அலுவலகத்தில் ஒரு பட்டியலாவது ஒட்டலாம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. அதன்பிறகு அந்த ஆளும் வரவில்லை. கொல்லையில் ஐந்து டின் சேர்ந்துவிட்டது, எறும்பு மொய்க்கிறது. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னால் நாளைக்கே கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
புரோட்டாக் கடைக்காரர் ஒருவர்,
விருதுநகர்.