தடுப்பூசி கற்பிக்கும், புற்றுச் செல் மறைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்த் தடுப்பூசிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அறுவை சிகிச்சை முடிந்த மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகள் 157 பேரிடம் நடந்த ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்தை மட்டும் பெற்றவர்களைவிட, அதனுடன் எம்ஆர்என்ஏ தடுப்பூசியும் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறப்பு நேரும் அபாயம் 44 சதவீதம் குறைந்திருந்ததைக் கட்டுரை சரியாகவே எடுத்துக்கூறியது. ஆனால், இத்தகைய தடுப்பூசிகள் பலரிடம் ஏன் பலிப்பதில்லை என்பதை அது தொடவே இல்லை.

தடுப்பூசி, டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களுக்குப் புற்றுச் செல்லின் ஓர் அடையாளத்தைக் கற்பிக்கிறது. புற்றுச் செல் அந்த அடையாளத்தைத் தன் மேற்பரப்பில் காட்டினால்தான் கற்ற பாடம் பயன்படும். புற்றுச் செல்களோ, மரபணுவின் எழுத்துகளை மாற்றாமலேயே டிஎன்ஏ மீது மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகளைப் பதித்து, அடையாளப் புரதத்தையும் அதை ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளையும் உருவாக்கும் மரபணுக்களை அடக்கிவிடக்கூடியவை. ரத்த நோய்களுக்கு ஏற்கெனவே பயன்படும் டெசிடபைன், அசாசிட்டிடைன் ஆகிய எபிஜெனடிக் மருந்துகள் (மரபணுவின் எழுத்துகளை அல்ல, அதன் இயக்கத்தை மாற்றுபவை), செல் பிரியும்போது இக்குறிகள் புதிய செல்களுக்குச் செல்வதைத் தடுப்பதால், அடங்கிய மரபணுக்கள் மீண்டும் விழிக்கின்றன. 2015இல் வெளியான ஆய்வுகள் இன்னும் வியப்பூட்டின: நம் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 8 சதவீதமாக உள்ள பண்டைய ரெட்ரோவைரஸ்களின் (தம் மரபணுக்களை நம் டிஎன்ஏவில் செருகிவிடும் வைரஸ்கள்) எச்சங்களும் இம்மருந்துகளால் விழித்துக்கொள்ள, செல் தனக்கு வைரஸ் தொற்றியதாகவே கருதி நோயெதிர்ப்பு அமைப்பை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் புரதத்தைச் சுரக்கத் தொடங்குகிறது. பயனற்ற குப்பை என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவை இவை!

தடுப்பூசியையும் இம்மருந்துகளையும் இணைக்கும் முயற்சி ஏட்டளவில் நிற்கவில்லை. மீண்டும் தலைதூக்கிய சினைப்பைப் புற்றுநோய் கொண்ட 12 பெண்களுக்கு என்ஒய்-ஈஎஸ்ஓ-1 என்னும் அடையாளப் புரதத்தைக் கற்பிக்கும் தடுப்பூசியுடன் டெசிடபைன் கொடுத்த ஆய்வு 2014இல் வெளியானது. மதிப்பிட முடிந்த 10 பேரில் 6 பேருக்கு நோய் வளராமல் நின்றது அல்லது ஓரளவு சுருங்கியது. எனினும் டாக்சோரூபிசின் என்னும் கீமோதெரபி மருந்தும் சேர்ந்திருந்ததால், எதன் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. இதை வெற்றி என்று எழுதுவது அவசரம் என்பதே என் கருத்து.

உண்மையான சிக்கல், மருந்துகளைக் கொடுக்கும் வரிசையில் இருக்கிறது. எபிஜெனடிக் மருந்துகள் பிரியும் செல்களையே தாக்குகின்றன. தடுப்பூசியால் தூண்டப்பட்ட டி செல்களும் வேகமாகப் பிரிபவையே. வெள்ளையணுக்கள் குறைவதும் இம்மருந்துகளின் அறியப்பட்ட பக்கவிளைவு. எனவே எந்த மருந்தை முதலில், எந்த அளவில், எத்தனை நாள் இடைவெளியில் கொடுப்பது என்பது குறித்துப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கொண்டு தொடர் கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்