ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

“முன்பின் தெரியாதவர் மெயிலைத் திறக்காதீர்கள்” என்று வைரஸ் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்கிறார்கள். உங்களிடம் அதைச் சொல்லி என்ன பயன்? “மெயில் அனுப்பிட்டேன், ரெண்டு காப்பி போடுங்க” என்று வந்து நிற்பவர் யாரோ, எவரோ. தெரியாதவர் மெயிலைத் திறப்பதுதான் உங்கள் பிழைப்பே. தெரிந்தவர் மெயில் என்றாலும் நம்பிவிட முடியாது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், மாட்டியவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அவர் பெயரிலேயே போனது.

அது ஏய்த்த விதத்தைக் கேளுங்கள். மெயிலோடு வந்த இணைப்பு ஃபைலின் பெயர் ‘.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்று முடிந்தது. கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால், பலர் கண்ணுக்கு அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல். உண்மையில் அது திறந்ததும் ஓடுகிற நிரல். இத்தனை வருடம் கழித்தும் விண்டோஸ் அந்த வாலை மறைத்தேதான் தருகிறது, என்ன பிடிவாதமோ! ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’வுக்குள் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிடுங்கள். அப்புறம் பிடிஎஃப் வேஷத்தில் ஒரு நிரல் ‘ரெஸ்யூம்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று வந்தால் முழுப் பெயரோடு மாட்டிக்கொள்ளும்.

முடிந்தவரை டவுன்லோடு செய்யாமல் ஜிமெயிலிலேயே திறந்து பிரிண்ட் கொடுங்கள். வேர்டு ஃபைலில் மஞ்சள் பட்டை வந்து ‘எனேபிள் கன்டென்ட்’ கேட்டால் அழுத்த வேண்டாம். அழுத்தினால் மேக்ரோ, அதாவது ஃபைலுக்குள் இருக்கும் குட்டி நிரல், ஓட ஆரம்பித்துவிடும். பயோடேட்டா அச்சடிக்க மேக்ரோ எதற்கு? இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் மேக்ரோவைத் தானாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2022-இல் கொண்டுவந்தது. உங்களில் சிலர் இன்னும் ஓட்டுகிற 2007 ஆஃபீஸில் அது கிடையாது.

மெயிலில் வரும் ஆதாரைத் திறக்கப் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும் அடித்து அடித்து, பாஸ்வேர்டு கேட்டாலே உங்கள் கை தானாக டைப் செய்யும். அது பிடிஎஃப், சரி. பாஸ்வேர்டோடு ஜிப் வந்தால்தான் உஷார். பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஜிமெயிலின் வைரஸ் சோதனைக்கே தெரியாது. “பிடிஎஃப்பா அனுப்புங்க” என்று திருப்பிச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், டேலி கணக்கும் வங்கி வேலையும் வாடிக்கையாளர் மெயிலைத் திறக்கிற அதே கணினியில் வேண்டாம். இன்னொரு கணினி இருந்தால் வாடிக்கையாளர் மெயிலுக்கும் பென்டிரைவுக்கும் அதை ஒதுக்குங்கள். விண்டோஸ் அப்டேட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடை அடைக்கும்முன் அன்றைய மெயில்களையும் டவுன்லோடு ஃபோல்டரையும் அழித்துவிடுங்கள். என்றைக்காவது வைரஸ் புகுந்தாலும் எங்கள் ஆதாரும் பான் கார்டும் அதன் கையில் சுலபமாகச் சிக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்