உன் தம்பி விஷயம்

திருகோணமலை

அன்பின் ரவி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊசியில் நூல் கோர்த்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். மற்றப் புதினங்கள் பிறகு. உன் தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

சாம்பல்தீவுக்குப் போய் அவனைப் பார்த்தேன். வாடைக் காலம், கடலுக்குப் போக வழியில்லை, வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன. இந்த மாதங்களில்தான் அவனுக்குக் குடி கூடுகிறது என்றாள் அவன் மனைவி சுகந்தி. விடிந்தால் கை நடுங்குகிறது, கொஞ்சம் போட்டால்தான் நிற்கிறது. பௌர்ணமிப் போயா நாளுக்குச் சாராயக் கடை பூட்டு என்றால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறான். பத்திரகாளி கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்திருக்கிறான். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தபோது தொடவே இல்லையாம், கழற்றியதும் பழையபடி. இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை ரவி. விடவேண்டும் என்ற எண்ணமே இல்லாதவன் மாலை போடுவானா?

"நாளைக்கே நிறுத்தச் சொல்லு" என்று நீ போனில் சொன்னாய். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. காலையில் கை நடுங்கும் அளவுக்கு உடம்பு பழகிவிட்ட ஒருவர் திடீரென்று நிறுத்தினால், ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் குழம்பி, இல்லாத ஆட்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. அதனால் முதலில் பெரியாஸ்பத்திரி, அங்கே மனநலப் பிரிவு. நடுக்கத்துக்கும் வலிப்பு வராமலிருக்கவும் மருந்து கொடுத்து, பி1 விட்டமினும் ஏற்றி, டொக்டர்களின் கண்பார்வையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. அரசாங்க ஆஸ்பத்திரி, காசு கட்டத் தேவையில்லை. அவசரத்துக்கு 1926 என்ற மனநல உதவி எண்ணையும் சுகந்தியின் போனில் பதிந்து கொடுத்தேன்.

அப்புறம் நீ கேட்ட ஏ.ஏ. கூட்டம், குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் ஒன்றாகக் கூடுவது. ஆஸ்பத்திரியில் கேட்டேன், கோயில் ஐயரிடம் கேட்டேன், பாதர் ஒருவரிடமும் கேட்டேன். கடைசியில் பாதர்தான் ஒரு போன் நம்பர் தந்தார். குடியை விட்ட சிலர் கிழமைக்கு ஒருதரம் கூடுகிறார்கள். எங்கே என்று கடிதத்தில் எழுத மாட்டேன், பேசும்போது சொல்கிறேன். இது சின்ன ஊர். அந்த வாசலில் ஆர் நிற்கிறார்கள் என்று பார்க்க நாலு கண் இருக்கும், அவர்களுக்கு அந்தப் பயம் உண்டு. வெளியாட்களும் வரக்கூடிய நாளாகப் பார்த்து, கேட்டுக்கொண்டுதான் போனேன்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய முறை. ஆகவே ஆர் என்ன சொன்னார் என்று எழுதப் போவதில்லை. பிளாஸ்டிக் கதிரைகள், பிளேன்ரீ, அவ்வளவுதான். பேர் மட்டும் சொன்னால் போதும். கட்டணம் இல்லை, பதிவு இல்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருத்தரும் இன்னொருத்தருக்குப் புத்தி சொல்லவில்லை. உன் தம்பிக்கு இந்த ஊரில் புத்தி சொல்லாத ஆள் ஆர்? நீ சொன்னாய், நான் சொன்னேன், மாமனார் சொன்னார். அவன் கேட்காதது, தன்னைப்போலவே கை நடுங்கிய ஒருவர் தன் கதையைச் சொல்வதை.

ஏ.ஏ. என்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கியதே இப்படித்தான். 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் என்ற ஊரில் பில் என்பவர் ஒரு ஹோட்டலில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம். வந்த வியாபாரம் கைகூடவில்லை, பக்கத்திலேயே பார். உள்ளே போகாமல், அங்கிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துப் போன் எடுத்து, தன்னைப்போலக் குடியோடு போராடும் ஒருவரோடு பேசவேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டொக்டர் பாப். கால் மணி நேரம் என்று ஒத்துக்கொண்டவர் பல மணி நேரம் பேசியிருக்கிறார். தன்னிடம் ஒருவர் உபதேசிக்காமல், தன் மொழியில் பேசியது அதுதான் முதல் தடவை. ஜூன் 10 அன்று பாப் கடைசியாகக் குடித்தார், அதையே அந்த அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். குடித்தவர் குடித்தவரைத் தேடிப் போவது, தேடிப் போகிறவருடைய குடியையும் தள்ளி நிறுத்துகிறது என்பதுதான் இதன் அடிப்படை.

வாடைமழைக்குள் நிலாவெளி ரோட்டால் ரவுணுக்கு வர முடியாத நாளும் வரும். தமிழ்நாட்டில் ஏ.ஏ. நன்றாக வேரூன்றியிருக்கிறது, தமிழிலேயே கூட்டம் நடக்கிறது, போனிலும் சேரலாம். அங்கும் இங்கும் ஒரே நேரம் என்பதால் சிரமமில்லை. ஆனால் முதலில் ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்கட்டும்.

சுகந்தியைப் பற்றித்தான் எனக்குக் கூடக் கவலை. போத்தலை ஒளிக்கிறாள், ஆட்கள் கேட்டால் காய்ச்சல் என்கிறாள். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்று தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. நீ இருக்கும் டொரொண்டோவிலும் கூட்டங்கள் உண்டு. நீ ஒருதரம் போய் இரு. அங்கே கேட்பதை அவளுக்குப் போனில் சொல்ல உன்னைவிட நல்ல ஆள் இல்லை.

காசு விஷயமும் உண்டு. இனி அவன் கையில் அனுப்பாதே. பிள்ளையின் ரியூஷன் காசை நேரே ரீச்சருக்கும், சாமான் காசைக் கடைக்கும் நான் கட்டிவிடுகிறேன், ரசீதுத் துண்டுகளை உனக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஆனால் அவனுக்குத் தெரியாமல் செய்யாதே, முன்னமே சொல்லிவிடு.

செவ்வாய்க்கிழமை கிளினிக். வருகிறேன் என்றிருக்கிறான். நான் காலை முதல் பஸ்ஸில் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். அதற்குமுன் நீ அவனுக்கு ஒரு போன் எடு. குடியைப் பற்றி ஒன்றும் கேட்காதே. வலை, வள்ளத்து எஞ்சின், மகளின் படிப்பு, இவற்றைப் பற்றிக் கதை.

அன்புடன்,
குமார்