ஜன்னல் மட்டும் போதாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று அம்மாவிடம் போனில், "சமையல்கட்டுல லேசா ஒரு வாடை வருதும்மா, ஜன்னலைத் திறந்தா போயிடுது" என்று நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. அம்மா அதை விட்டுவிட்டு உன் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டாள். எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. திண்டுக்கல்லில் 22 வருஷம் வீடு வீடாக சிலிண்டர் தூக்கிப் போட்டவன் நான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். வாடை வந்தால் கேஸ் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அது காற்றைவிடக் கனம். மேலே போகாது, இறங்கித் தரையோடு தரையாகப் பரவி, மேடைக்கு அடியில் மூலையில் தங்கும். உன் ஜன்னல் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. வாசல் கதவைத் திறந்தால்தான் முழுசாக வெளியேறும். இன்னொன்று, மூக்கு கொஞ்ச நேரத்தில் அந்த வாடைக்குப் பழகிவிடும். "போயிடுச்சு" என்று மூக்கு சொல்வதை நம்பாதே.

உனக்கு இரண்டு வயது இருக்கும்போது நடந்ததை அம்மா சொல்லியிருக்க மாட்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு உன்னைத் தூங்கவைக்கப் போனவள் அப்படியே அசந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து தீ அணைந்துவிட்டது, திருகு திறந்தபடியே இருக்கிறது. இருட்டின பிறகு நான் வீட்டுக்கு வந்தேன். கதவைத் தள்ளியதும் வாடை. கை பழக்கத்தில் லைட் சுவிட்சுக்குப் போய்விட்டது. ஒரு விரல்கடை தூரத்தில் நிறுத்தினேன். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் கைதான் அது! சுவிட்சில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி வரும், அது போதும். போடுவதும் ஆபத்து, அணைப்பதும் ஆபத்து. ஃபேனைப் போட்டு வாடையை ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஃபிரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கக் கூடாது. இருட்டிலேயே தடவி ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவோடு தெருவில் போய் நின்றேன். உனக்கும் அதுவே வழி. வெளியே போன பிறகுதான் போனை எடுக்கவேண்டும். 1906 என்ற எண்ணில் எந்நேரமும் கேஸ் கசிவுக்கு ஆள் கிடைப்பார்கள்.

அன்றிலிருந்து நம் வீட்டில் சமையல் முடிந்ததும் மூடுவது ரெகுலேட்டரை. அடுப்புத் திருகை மட்டும் மூடினால் டியூப் முழுக்க கேஸ் நின்றுகொண்டிருக்கும். ராத்திரியில் கட்டாயம் மூடு. ஊருக்கு வரும்போதும் மூடு.

இப்போது உன் வாடைக்கு வருகிறேன். சோப்பு நுரையை ரெகுலேட்டர் இணைப்பிலும் டியூப்பின் இரண்டு முனைகளிலும் தடவிப் பார். கொப்புளம் கிளம்பும் இடத்தில்தான் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அந்த வேலையே வேண்டாம். பெங்களூர் வீடுகளில் சிலிண்டரை மேடைக்கு அடியில் அலமாரிக்குள் வைத்துக் கதவு போட்டுவிடுகிறார்களாமே? அந்தக் கதவின் அடிப்பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கதவைத் திறந்தே வை.

புது சிலிண்டர் வந்தால் டெலிவரி பையன் கிளம்பும்முன் சீலைப் பிரிக்கச் சொல்லி, சிலிண்டரின் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு. குமிழி வந்தால் வால்வு கசிகிறது. எடையும் போடச் சொல். வெறும் சிலிண்டரின் எடை அதன்மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேரவேண்டும். கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் 'பி-27' மாதிரி ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன் வரை, இப்படி டி வரைக்கும். 27 என்றால் 2027. இரண்டும் சேர்ந்ததுதான் சிலிண்டரை மறுபடி சோதிக்கவேண்டிய கெடு. தாண்டியிருந்தால் வாங்காதே. இதெல்லாம் பையன் தானாகச் செய்யமாட்டான். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று ஓடும்போது நானும் பல தடவை செய்ததில்லை. கேட்கிறவர்கள் வீட்டில் மட்டும் செய்வேன்.

கேஸ் தீர்ந்துபோகிற மாதிரி இருந்தால் சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டாதே. உள்ளே இருக்கும் திரவமே டியூப்புக்கு வந்துவிடும். தீ நீலமாக எரியவேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் ஓட்டைகளை ஊசியால் சுத்தம் செய்.

மிச்சம் பிடிக்கிற வழி உனக்கே தெரியும். பருப்பை ஊறவை, மூடி போடு, கொதி வந்ததும் சிம்மில் வை. கொதிக்கும் தண்ணீர் பெரிய தீயில் அதற்குமேல் சூடாகப் போவதில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியதும் நல்லதுதான். சூடு நேராகப் பாத்திரத்துக்கே போவதால் வீணாவது குறைவு. 2000 வாட்டில் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். ஆனால் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜ் போடுகிற 6 ஆம்பியர் சுவிட்ச் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் உருகிவிடும். பெரிய ஓட்டை உள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் போடவேண்டும். சமைத்து முடித்ததும் உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், அது நிற்கிற வரை பிளக்கை எடுக்காதே. கண்ணாடி விரிசல் விட்டால் அப்புறம் அதைத் தொடாதே. தண்ணீர் இறங்கினால் ஷாக் அடிக்கும்.

கேஸ் டியூப்பின்மேல் வருஷம் அச்சடித்திருக்கும். பார்த்து இன்றைக்கே சொல். 5 வருஷம் ஆகியிருந்தால் புதுசு மாற்று, வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு நிற்காதே, பணம் நான் போடுகிறேன்.

அம்மா பார்சல் அனுப்பியிருக்கிறாள். இட்லிப் பொடி டப்பாவுக்கு அடியில், பழைய ஸ்பீக்கரில் இருந்து நான் கழற்றிய காந்தம் ஒன்று இருக்கும். குப்பையென்று போட்டுவிடாதே. பாத்திரக் கடைக்குப் போகும்போது கையில் கொண்டுபோ. அடியில் ஒட்டுகிற பாத்திரம்தான் உன் புது அடுப்பில் சூடாகும்.

அன்புடன்,
அப்பா