கடைமடையில் ஒரு பயிற்சி: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி மடல்

வணக்கம்.

மே மாதம் பதினான்கு நாள், எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த இணைய வலையமைப்புப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒரு தம்பிக்கு நடுவில் சிங்கப்பூர் வேலை அமைந்து போய்விட்டார். மற்ற இருபத்தொரு பேரும் கடைசி நாள் வரை வந்தார்கள். உதவியவர்களில் பாதிப்பேர் பெயரைச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள். அதனால் பெயர் போடாமலே எழுதுகிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பயிற்சியை ஏன் இவ்வளவு பிடிவாதமாக நடத்தினோம் என்று பலர் கேட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் சாயாமல் நின்ற மின்கம்பம் குறைவு. கம்பத்தோடு அதில் கட்டியிருந்த ஃபைபர் கேபிளும் போனது. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அந்த நன்றிக்கடன் தனியாக இருக்கிறது. ஆனால் கரண்ட் வந்த பிறகும் என் இ-சேவை மையத்துக்கு இணையம் வரவில்லை. அறுந்த கண்ணாடி இழையை ஒட்டத் தெரிந்தவர் எங்கள் பக்கம் ஒருவர்கூட இல்லை. திருச்சியிலிருந்து ஆள் வரவேண்டும், அவருக்கோ போகவேண்டிய இடம் ஏராளம். கையில் ரேஷன் கார்டும் ஈரமான பத்திரங்களுமாக வாசலில் நின்றவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது எங்காவது லைன் அறுந்தால் இதே கதைதான். கம்பெனிக்கு போன் போட்டால் ‘ஆள் வருவார்’ என்பார்கள். ஆள் வருவதற்குள் தேதி முடிந்துவிடும்.

கடைமடைக்காரர்களுக்குக் காத்திருப்பது புதிதில்லை. ஆனால் ஆளுக்காகக் காத்திருப்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதல் நன்றி, நாங்கள் முகம் பார்த்திராதவர்களுக்கு. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க் ஸ்டார்ட்அப் ரிசோர்ஸ் சென்டர் என்ற சிறிய அமைப்பு 1992 முதல் இயங்குகிறது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு ஆட்களை அனுப்பி, அங்குள்ள பொறியாளர்களோடு உட்கார்ந்து நெட்வொர்க் கட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர்கள் வேலை. புத்தகங்களும் கருவிகளும் கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். பாடக்குறிப்பு, செய்முறை எல்லாவற்றையும் யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். ஆசிய-பசிபிக் பகுதிக்கு இணைய முகவரிகளை ஒதுக்கும், பிரிஸ்பேனில் இருக்கும் ஏபிநிக் அமைப்பின் இலவசப் பாடங்களும் எங்களுக்குத் துணை நின்றன. 2000-இல் தொடங்கிய ஆப்பிரிக்க நெட்வொர்க் பொறியாளர் கூட்டமான ஆஃப்நாக், 2003-இல் காத்மாண்டுவில் முதல் கூட்டம் போட்ட தெற்காசியக் கூட்டமான சனோக் ஆகியவற்றின் வழிமுறையைப் படித்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. ஒரு வருடம் மாணவராக உட்கார்ந்தவர் பிறகு சொல்லிக்கொடுப்பவராக வருவார் என்பதே அந்தக் கூட்டங்களின் பலம். வெளியாள் வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதோடு நின்றால், அடுத்த வருடம் மறுபடி வெளியாளைத் தேடவேண்டியதுதான்.

அந்தப் பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழாக்கியவர் ஓய்வுபெற்ற எங்கள் தமிழாசிரியை. ரவுட்டர், ஸ்விட்ச், பாக்கெட் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பையன்கள் கடையில் அப்படித்தானே கேட்கப்போகிறார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சொல்லை மாற்றுவதற்குப் பதில் விளக்கத்தைத் தமிழாக்கினார்கள். டீச்சர், அந்த நாற்பது பக்கமும் ஜெராக்ஸ் போட்டே தேய்ந்துவிட்டன.

கேபிள் டிவி அண்ணனுக்கு என்ன சொல்வது? லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய, கண்ணாடி இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷினை, கத்துக்குட்டிகள் கையில் இரண்டு வாரம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இழையின் தடிமன் 125 மைக்ரான், தலைமுடி அளவு. ஒளி ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நேராக வெட்டி, மிஷினில் வைத்தால் இரண்டு முனையையும் உருக்கி ஒட்டும். ஒட்டுவதற்கு முன்பே பாதுகாப்பு ஸ்லீவை ஒரு பக்கம் கோத்துவிட வேண்டும். மறந்தால் வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். முதல் நாள் எல்லோரும் மறந்தார்கள். நாலாம் நாள், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று பன்னிரண்டு நிறத்தையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டே, முதலில் ஸ்லீவைக் கோத்தார்கள்.

மண்டபத்துச் சமையல் அக்காவுக்கும் இதில் பங்கு உண்டு. வெட்டிய இழைத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி என்று கேள்விப்பட்டதும், “சோறு போடுற பலகையில இது வேண்டாம் தம்பி” என்று கறாராகச் சொல்லி, வேறு மேசை போட்டு, துணுக்கு போட மூடி வைத்த பாட்டில் ஒன்றும் கொடுத்தார். பெரிய கம்பெனிப் பயிற்சியில் சொல்லும் பாதுகாப்பு விதியும் அதுதான்.

ஏழு பெண்பிள்ளைகள் வந்தார்கள். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க அவர்களை ஸ்டாண்டு வரை கொண்டுபோய்விட்ட ஆட்டோ அண்ணன் ஒரு நாளும் காசு வாங்கவில்லை. அவர்களில் ஒருவரின் அப்பா, ஆற்றுக்கரையில் மடை திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளை அழைத்துப்போக வந்தவர், ரவுட்டிங் பாடம் நடந்த பலகையை நின்று பார்த்தார். எந்த முகவரிக்கான பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, ரவுட்டர் எந்தப் பக்கம் திருப்பும் என்று படம் போட்டிருந்தேன்.

“மடை திருப்புற கணக்குதானே தம்பி இது? சரி, இவன் அவன் பக்கம் திருப்பிவிடுறான், அவன் திரும்ப இவன் பக்கமே திருப்பிவிட்டா?”

மறுநாள் நடத்தவேண்டிய பாடம் அது. ஐயா, உங்கள் கேள்வியால் அன்றைக்கே நடத்தினேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. லினக்ஸ் கணினி அனுப்பினால் வழக்கமாக 64-இல் தொடங்கும். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். பூஜ்யமானதும் பாக்கெட்டை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லிவிடும். உங்கள் மகள் இரண்டு ரவுட்டர்களை ஒன்றையொன்று கைகாட்டும்படி அமைத்து, பிங் என்ற சோதனைப் பாக்கெட்டை அனுப்பி, திரையில் ‘டிடிஎல்’ தீர்ந்தது என்று வந்த வரியை உங்களுக்குக் காட்டியபோது, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தீர்கள். அன்று வகுப்பு முடிய இருட்டிவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

மண்டபத்தை வாடகையில்லாமல் திறந்துவிட்ட பெரியவருக்கு, கரண்ட் போகும் நேரத்தை முன்கூட்டியே சொன்ன லைன்மேனுக்கு, பழைய ரவுட்டர்கள் ஆறைத் துணிமூட்டைக்குள் சுற்றி மஸ்கட்டிலிருந்து கொடுத்தனுப்பிய நண்பனுக்கு, மூன்று மணி டீயை ஒரு நாளும் தவறவிடாத கடைக்கார மாமாவுக்கு, எல்லோருக்கும் நன்றி.

ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். ஜூன் முதல் வாரம் வாய்க்கால் தூர்வாரிய பொக்லைன், கரையோரம் புதைத்திருந்த கேபிளை அறுத்துவிட்டது. மூன்று கிராமத்துக்கு லைன் இல்லை. லஸ்கர் ஐயாவின் மகளும் இன்னொரு தம்பியும் இழைக்குள் ஒளியை அனுப்பி அளக்கும் ஓடிடிஆர் மீட்டர் வைத்து அறுந்த தூரத்தைக் கண்டுபிடித்து, கரையில் தார்ப்பாய் விரித்து, பன்னிரண்டு இழையையும் ஒட்டினார்கள். மாலை நாலரை மணிக்கு என் மையத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அன்று காலையிலிருந்து காத்திருந்த பாட்டிக்கு ஓய்வூதிய விண்ணப்பம் போட்டுக் கொடுத்து, ரசீதை அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த பயிற்சி தை அறுவடை முடிந்ததும் வேதாரண்யம் பக்கம். இந்த முறை பாடம் நடத்தப்போகிறவர்கள் அந்த இருவரும்தான். அண்ணே, மிஷின் மறுபடியும் வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
இ-சேவை மையத்திலிருந்து,
திருத்துறைப்பூண்டி வட்டம்